கோட்டையும் வேண்டும், விளையாட்டும் வேண்டும்: யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு ஒரே நாளில் நான்கு வழிகள்

பாடசாலை விடுமுறை தொடங்கி, கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ உறவினர் வந்து இறங்கியதும் யாழ்ப்பாணத்து வீடுகளில் எழுகின்ற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். பிள்ளைகள் ஒரு பழைய கோட்டையையாவது பார்த்துவிட வேண்டும் என்பது பெரியவர்களின் விருப்பம். சறுக்கு, படகு, தண்ணீர் என்று ஏதாவது இருந்தால்தான் வான் வண்டியில் ஏறுவோம் என்பது பிள்ளைகளின் நிபந்தனை. கையில் இருப்பதோ ஒரு நாள். இந்தக் கிழமை மட்டும் இரண்டு பேர் என்னிடம் இதைக் கேட்டார்கள். ஒருவருக்கு மூன்று வயதுப் பேரன். மற்றவர் வீட்டில் பதின்மூன்று வயதுப் பெறாமகனும் முழங்கால் நோவுடைய அம்மம்மாவும் இருக்கிறார்கள். இரு வீட்டுக்கும் ஒரே வழியைக் காட்ட முடியாது என்பதால், நான்கு வழிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்பதே நேர்மையானது என்று தோன்றியது.

தொடங்குமுன் ஓர் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் நினைக்கின்ற வகையிலான, வானளாவச் சுழலும் இயந்திரங்கள் கொண்ட பெரிய கேளிக்கைப் பூங்கா வடக்கில் இல்லை. இங்கே கிடைப்பவை நகரத்துச் சிறுவர் பூங்கா, இயக்கச்சியிலுள்ள பண்ணைப் பூங்கா, ஆழமில்லாத கடல் ஆகியவை. இதைப் புறப்படுவதற்கு முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் பாதி முணுமுணுப்பு வீட்டிலேயே முடிந்துவிடும்.

## எவற்றை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் வெய்யில். தூரத்தையும் செலவையும் கணக்கிட்டுவிட்டு வெய்யிலை மறந்துவிடுகிறவர்களே அதிகம். கோட்டை என்பது நிழல் இல்லாத இடம். கொத்தளத்தின் மேல் மரம் நின்றால் பீரங்கிக்கு மறைப்பாகும், இன்று நாம் அதன் பலனை அனுபவிக்கிறோம். பங்குனி முதல் புரட்டாதி வரை காலை ஒன்பதரைக்குப் பிறகு மதிற்சுவரில் நடப்பது சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் தண்டனையாகும். ஆகவே கோட்டைக்குக் காலை ஏழு முதல் ஒன்பதரை வரை, அல்லது மாலை நான்குக்குப் பிறகு என இரண்டே நேரங்கள்தான் உண்டு.

இரண்டாவது, குடும்பத்தின் சராசரி வயது எதற்கும் உதவாது என்பது. மிகச் சிறியவரையும் மிக மூத்தவரையும் கணக்கில் எடுத்தால் போதும். இடையில் இருப்பவர்கள் எங்கும் சமாளிப்பார்கள். மலசலகூடம், நிழல், உட்காரும் இடம் ஆகிய மூன்றும் இந்த இருவருக்காகத்தான்.

மூன்றாவது செலவு. நுழைவுச்சீட்டின் விலை அதில் சிறு பங்கு. வான் வாடகை, ஓட்டுநரின் சாப்பாடு, பூங்காவுக்குள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே வாங்கும் சீட்டு, பிள்ளைகள் நனைந்த பிறகு அவசரமாக வாங்கும் துவாய், மூன்று தடவை கேட்கப்படும் ஐஸ்கிறீம் எல்லாம் சேர்ந்ததே உண்மையான தொகை. வான் பிடிக்கும்போது நாள் வாடகையில் எத்தனை கிலோமீட்டர் அடக்கம், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். நூறு கிலோமீட்டரை எல்லையாக வைத்துப் பேசுபவர்கள் பலர். கீழே வரும் யாழ்ப்பாணத்து வழிகளில் ஒன்று அந்த எல்லையைச் சற்றே தாண்டுகிறது.

நான்காவது பருவம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் பலமாக வீசும். இந்தக் காற்று எந்தக் கரையை அமைதியாக்கும், எந்தக் கடலைக் கலக்கும் என்பது திட்டத்தையே மாற்றும். ஆவணி விடுமுறை என்றால் நல்லூர்த் திருவிழா குறுக்கே வரும். கொடியேறிய பின் இருபத்தைந்து நாளும் மீன், இறைச்சி என மச்சம் எதையும் தொடாத வீடுகளுக்கு மதியச் சாப்பாட்டை எங்கே எடுப்பது என்பதும் ஒரு கேள்விதான்.

ஐந்தாவது, அந்தக் கோட்டைக்குப் பிள்ளைக்குச் சொல்லத்தக்க கதை ஏதும் உண்டா என்பது. கதை இல்லாத கோட்டை பிள்ளைக்கு உடைந்த மதில் மட்டுமே.

எந்த வழியைத் தேர்ந்தாலும் கோட்டை முதலில், விளையாட்டு பின்னர் என்ற வரிசையை மாற்றக் கூடாது. இதை நான் பட்டு அறிந்தேன். ஓர் ஆவணியில் பிள்ளைகளின் நச்சரிப்புக்கு இணங்கிப் பூங்காவை முதலில் வைத்தேன். இரண்டு மணிக்கு வெளியேறுவதாகத் திட்டம். நான்கு மணிக்குத்தான் கடைசிப் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து இழுத்தெடுக்க முடிந்தது. கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வானின் பின் ஆசனத்தில் ஐந்து பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநரும் நானும் மட்டும் அகழிப் பாலத்தைக் கடந்து பத்து நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினோம். கோட்டை ஒரு மணி நேரத்தோடு நிறைவு பெறும். பூங்காவுக்கோ எவ்வளவு நேரம் கொடுத்தாலும் அவ்வளவையும் விழுங்கிவிடும். ஆகவே அதை நாளின் கடைசியில்தான் வைக்க வேண்டும்.

## முதலாவது வழி: யாழ்ப்பாணக் கோட்டையும் நகரப் பூங்காவும்

நகரத்தில் இருப்பவர்களுக்கு வான்கூடத் தேவையில்லை, ஓட்டோவில் முடியும். கதையின் செழுமையைப் பார்த்தால் நான்கு வழிகளிலும் இதுவே முதலிடம் பெறும்.

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த காலத்தை ஒட்டிப் பிலிப்பே டி ஒலிவேரா இங்கே கட்டியது நாற்கோணக் கோட்டை. 1658இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் முற்றுகையிட்டு அதைக் கைப்பற்றினார்கள். பின்னர் அதை இடித்து, 1680 அளவில் ஐங்கோணமாகக் கட்டி முடித்தார்கள். வெளி அரண்கள் நிறைவுபெற 1792 ஆயிற்று. மூன்றே ஆண்டுகளில், 1795இல், கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்தர் தம் நாட்டு மாகாணங்களின் பெயர்களையே வைத்தார்கள்: ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உத்ரெக்ட், பிரீஸ்லாந்து.

கொத்தளங்களை ஏன் மூலைகளில் வெளியே நீட்டிக் கட்டினார்கள் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். விடையை மணலில் கீறிக் காட்டலாம். ஒவ்வொரு மூலையிலும் அம்புத்தலை போல வெளியே நீண்டிருக்கும் கொத்தளத்தில் நின்று பீரங்கி சுட்டால், பக்கத்துச் சுவரின் அடிவரை குண்டு போகும். எதிரி சுவரோடு ஒட்டி ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட மிஞ்சாது. சுவர் வளைகின்ற இடத்தில் பிள்ளையை நிறுத்தி, "இப்போது நீ எங்கே ஒளிவாய்?" என்று கேட்டுவிட்டால் மிகுதி நேரத்தை அவனே பார்த்துக்கொள்வான்.

சிறியவர்களுக்குச் சுவரே போதும். கோட்டை முருகைக்கல்லால், அதாவது பவளப் பாறையால் ஆனது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் பூவிதழ் போலவும் மூளையின் மடிப்புப் போலவும் கோடுகள் தெரியும். எங்கள் வீட்டு நான்கு வயதுக்காரி அந்தக் கோடுகளில் விரலை விட்டு இழுத்துக்கொண்டே நடந்தாள். அது ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்தது என்று சொன்னதும் விரலை வெடுக்கென்று எடுத்துவிட்டாள்.

உள்ளே 1706இல் கட்டப்பட்ட சிலுவை வடிவத் தேவாலயம் இருந்த இடத்தில் இன்று இடிபாடுதான் இருக்கிறது. 1990இல் இந்தக் கோட்டை முற்றுகைக்குள்ளாகி, மாதக்கணக்கில் சண்டை நடந்ததை அறுபது வயதைத் தாண்டிய எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களில் சிலர் அந்த இடத்தில் பேசாமல் நிற்பார்கள். பிள்ளைகள் ஏனென்று கேட்பார்கள். அந்தப் பதிலை யார் சொல்வது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்வது நல்லது. போருக்குப் பின் நெதர்லாந்து அரசின் உதவியோடு தொல்லியல் திணைக்களம் மதில்களைத் திருத்தியதனால் மேலே ஏறி நடக்க முடிகிறது. ஆயினும் பல இடங்களில் தடுப்பு இல்லை. மூன்று வயதுப் பிள்ளையின் கையை விடக் கூடாது.

விளையாட்டுப் பக்கத்தில் இந்த வழி மெலிந்தது. சுப்பிரமணியம் பூங்காவில் சறுக்கும் ஊஞ்சலும் மர நிழலும் உண்டு. ஏழு வயதுக்குட்பட்டவர்கள் ஒரு மணி நேரம் மகிழ்வார்கள், பதின்ம வயதினர் பத்து நிமிடத்தில் கைப்பேசியை எடுப்பார்கள். அந்த இடைவெளியைப் பொது நூலகத்தையும், நல்லூர்ப் பக்கம் போய் மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு ஆகியவற்றையும் கொண்டு நிரப்பி, முடிவில் ஐஸ்கிறீம் கடையில் உட்காருவதே யாழ்ப்பாணத்து வழக்கம். நல்லூர்த் திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும் என்பதால் அந்தப் பகுதியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

மறைந்த செலவு இங்கே மிகக் குறைவு. மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் மீண்டும் வரலாம் என்பது வேறெந்த வழிக்கும் இல்லாத வசதி.

## இரண்டாவது வழி: பூநகரி, ஆனையிறவு, இயக்கச்சி

பெரும்பாலோர் இயக்கச்சிப் பண்ணைப் பூங்காவுக்கு ஏ-9 வீதியால் நேரே போய், அதே வீதியால் திரும்புகிறார்கள். நகரத்திலிருந்து ஒரு பக்கம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். காலையில் யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்துவிட்டு இப்படிப் போவதில் தவறில்லை. ஆனால் இதே நாளை ஒரு வட்டமாக்கலாம். நாவற்குழியில் வலப்பக்கம் திரும்பி, கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, அங்கிருந்து பரந்தன், பரந்தனில் ஏ-9 வீதியில் ஏறி ஆனையிறவு, இயக்கச்சி, பிறகு பளை, கொடிகாமம், சாவகச்சேரி வழியாக வீடு. மொத்தம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். வான் வாடகையின் எல்லையைத் தாண்டுவது இந்த வழிதான் என்பதைக் கவனியுங்கள்.

சங்குப்பிட்டிப் பாலம் 2011 தை மாதத்தில் திறக்கப்பட்டது. நீளம் 288 மீற்றர். அதற்கு முன் அந்த இடத்தில் படகில் கடந்தவர்கள் வானில் இருந்தால், அங்கே வண்டியை மெதுவாக்கச் சொல்லுங்கள். அவர்கள் பேசத் தொடங்குவார்கள். பருவகாலத்தில் கடல்நீரேரியில் பூநாரைகளும் நிற்கும்.

பூநகரிக் கோட்டை சிறியது. போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் 1770 அளவில் விரிவாக்கியது. ஏறக்குறைய சதுரம், ஒவ்வொரு பக்கமும் முப்பது மீற்றர் அளவு, எதிரெதிர் மூலைகளில் இரண்டே கொத்தளங்கள். ஆங்கிலேயர் 1805இல் இங்கே ஒரு தங்குமடம் அமைத்தார்கள். இன்று மிஞ்சியிருப்பது சிதைந்த சுவர்களும் அவற்றின் மேல் ஏறி நிற்கும் ஆடுகளும்தான். அரை மணி நேரம் போதும். யாழ்ப்பாணக் கோட்டையை ஏற்கெனவே பார்த்த பிள்ளைக்கு இது நல்ல கணக்கு: ஐந்து கொத்தளம் எதற்கு, இரண்டு எதற்கு? பெரிய நகரத்தைக் காப்பதற்கும், ஒரு கடவையைக் காவல் காப்பதற்கும் உள்ள வேறுபாடு அங்கே கண்முன் நிற்கிறது. முதன்முறையாகக் கோட்டை பார்க்கும் பிள்ளைக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும்.

இந்த வழியின் உண்மையான கதை ஆனையிறவில் இருக்கிறது. வன்னியில் பிடித்த யானைகளை அந்த ஒடுங்கிய நீர்ப்பரப்பைக் கடத்திக் குடாநாட்டுக்குள் கொண்டுவந்து, ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேற்றினார்கள் என்பதை ஏழு வயதுப் பிள்ளைகூட மறக்காது. ஊரின் பெயரே சாட்சி. உப்பளத்தில் வெள்ளையாகக் குவிந்திருக்கும் உப்பைக் காட்டினால் அடுத்த பத்துக் கிலோமீட்டருக்குக் கேள்விகள் வரும். அங்கே போர் நினைவிடங்களும் உண்டு. இறங்குவதா கடந்து செல்வதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் மனத்தைப் பார்த்து முடிவு செய்யும்.

இயக்கச்சியில் றீச்சா என்ற பெயரில் அறியப்படும் ஒருங்கிணைந்த பண்ணையே வடக்கில் கேளிக்கைப் பூங்காவுக்கு மிக நெருங்கிய இடம். தோட்டம், ஆடு மாடுகள், நீச்சற்குளம், படகு, சிறுவர் விளையாட்டுகள், உணவகம் எல்லாம் ஒரே வளவுக்குள் உள்ளன. ஐந்து முதல் பதினான்கு வயதுவரை உள்ளவர்கள் அரை நாளை இங்கே எளிதாகக் கழிப்பார்கள். முதியவர்களுக்கு நிழலும் இருக்கை வசதியும் உண்டு. செலவு ஏறுவதும் இங்கேதான். நுழைவுக் கட்டணத்தை மட்டும் கேட்டுக்கொண்டு போகாமல், எந்த விளையாட்டுக்கு வேறு சீட்டு வேண்டும், வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோகலாமா, குளத்துக்கு எந்த உடை வேண்டும் என்பவற்றை முதல் நாளே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். பிள்ளை ஒன்றுக்கு இவ்வளவுதான் என்று வானுக்குள்ளேயே தொகையைக் கையில் கொடுத்துவிடுவது நான் கண்ட நல்ல வழி. தங்கள் காசு என்றதும் அவர்களே சிக்கனமாகிவிடுகிறார்கள்.

இந்த வழியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பளைக்கும் முகமாலைக்கும் இடைப்பட்ட பகுதி நாட்டிலேயே கண்ணிவெடி மிக அடர்ந்து புதைக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. அகற்றும் பணி பல ஆண்டுகள் நடந்தது. பிள்ளைக்கு அவசரம் என்று வானை நிறுத்தி, பற்றைக்குள் அனுப்புகின்ற வழக்கமான வேலையை இந்த வீதியில் செய்யவே கூடாது. கொடிகாமத்திலோ பளையிலோ கடைத்தெருவில் நிறுத்துங்கள்.

## மூன்றாவது வழி: கடற்கோட்டையும் கசோரினாக் கடற்கரையும்

பூங்காவுக்குப் பதிலாகக் கடல் என்று ஒப்புக்கொள்ளும் குடும்பத்துக்கு இதைவிட இனிய நாள் இல்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில், நீரின் நடுவே நிற்கும் கடற்கோட்டையை ஒல்லாந்தர் ஹம்மன்ஹீல் என்று அழைத்தார்கள். இலங்கையின் வரைபடம் அவர்களுக்குப் பன்றித் தொடையைப் போலத் தோன்றியது. அந்தத் தொடையின் குதியில் இந்தக் கோட்டை இருந்தபடியால் அந்தப் பெயர். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், பிறகு வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பார்கள்.

போர்த்துக்கேயர் கட்டிய இந்தக் கோட்டை 1658இல் ஏறத்தாழ இரண்டு கிழமை முற்றுகைக்குப் பின் வீழ்ந்தது. வீழ்த்தியது தாகம். உள்ளேயிருந்த நீர்த்தொட்டி குண்டடிபட்டு உடைந்தபின், சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீரில்லாமல் சரணடைந்தார்கள். பிற்காலத்தில் இது சிறையாகவும் இருந்தது. 1971 கிளர்ச்சியின் தலைவர் ரோகண விஜேவீரவும் இங்கே அடைக்கப்பட்டிருந்தார். இப்போது கடற்படை இதை விடுதியாக நடத்துகிறது. ஆகவே நினைத்தவுடன் ஏறிப் போக முடியாது. படகு உண்டா, அன்று பார்வையாளரை அனுமதிக்கிறார்களா என்பதை முன்னரே உறுதிசெய்ய வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டால் ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து தூரத்தே பார்ப்பதோடு திருப்திப்பட வேண்டியதுதான். ஒரே பயணத்தில் இரண்டையும் உறுதியாகப் பெற விரும்புவோருக்கு இந்த நிச்சயமின்மையே பெரிய குறை.

காரைநகரிலுள்ள கசோரினாக் கடற்கரையில் கடல் நெடுந்தூரம் முழங்கால் அளவில்தான் இருக்கும். கரையில் சவுக்கு மர நிழலும் உண்டு. வடக்கு நோக்கிய கரை ஆதலால் சோளகக் காலத்தில் நீர் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்; வாடைக் காற்று தொடங்கினால் நிலைமை மாறும். ஆக, ஆவணி விடுமுறைக்கு ஏற்றது, மார்கழி விடுமுறைக்கு ஏற்றதல்ல. பொன்னாலைத் தாம்போதியில் இருபுறமும் நீர் விரிய வானில் செல்லும் அந்தச் சில நிமிடங்களைப் பிள்ளைகள் தனி விளையாட்டாகவே எண்ணுவார்கள். செலவும் குறைவு. மறைந்த செலவு எது என்றால் மணல்தான். வானைக் கழுவ ஓட்டுநர் தனிக் காசு கேட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.

நெடுந்தீவை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அங்கே முருகைக்கல் கோட்டையின் இடிபாடும், கட்டாக்காலிக் குதிரைகளும், பெருக்கு மரமும் உள்ளன. ஆயினும் குறிகட்டுவானிலிருந்து படகில் ஒரு மணி நேரம், சோளகத்தில் கடல் கொந்தளிப்பு, திரும்பும் படகின் நேரத்துக்குக் கட்டுப்பட்ட நாள் என்று பார்த்தால், அது தனியாக ஒரு நாள் வைத்துப் போக வேண்டிய இடம்.

## நான்காவது வழி: கொழும்பிலிருந்து காலியும் பண்டாரகமையும்

இது யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நாள் பயணமாகாது. கொழும்புக்கு மட்டுமே 400 கிலோமீட்டரை அண்டிய தூரம். ஆனால் விமான நிலையத்துக்கு உறவினரை வழியனுப்பவோ, விசா வேலைக்கோ எப்படியும் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் தங்கும் வீட்டாருக்கு அந்தத் தங்கலில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கலாம். கோட்டை, கேளிக்கைப் பூங்கா என்ற சேர்க்கை முழுமையாக அமைவது இங்கேதான்.

காலிக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1588இல் தொடங்கினர். 1640இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் இன்றைய வடிவத்தைக் கொடுத்தனர். 1988 முதல் உலக மரபுரிமைத் தலம். உள்ளே மக்கள் வாழ்கிறார்கள் என்பதே இதன் தனித்தன்மை. கடை, தேநீர், நிழல், மலசலகூடம் எல்லாம் நடக்கும் தூரத்தில் உண்டு. எந்த வயதினரும் தாங்கக்கூடிய கோட்டை இது ஒன்றே. கடல் ஏறி இறங்கும்போது கோட்டையின் கழிவு நீர் தானே கழுவுண்டு போகும்படி ஒல்லாந்தர் நிலத்தடி வாய்க்கால் அமைத்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிடச் சிறந்த கதை வேண்டாம். பெரியவர்களுக்கு வேறொன்று: சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹெ நிறுத்திய, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் மும்மொழிக் கல்வெட்டு 1911இல் காலியில்தான் கிடைத்தது. சீனம், பாரசீகம் ஆகியவற்றோடு மூன்றாவது மொழி தமிழ். இன்று அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதல் நாள் மாலை பார்த்துவிட்டுப் போனால் பயணத்துக்கு ஒரு தலைவாயில் அமையும்.

தெற்கு அதிவேக வீதியால் காலையில் காலிக்குப் போய், மதியம் திரும்பும் வழியில் பண்டாரகமையிலுள்ள பேர்ல் பே நீர்ப் பூங்காவில் இறங்கலாம். காலிக்கு ஒரு பக்கம் இரண்டு மணி நேரத்தை அண்டும். பதின்ம வயதினருக்கு அங்கே சிறு பந்தயக் கார் ஓட்டமும் உண்டு. செலவு நான்கிலும் மிக உயர்ந்தது. அதிவேக வீதிக் கட்டணம், கொழும்பு வான் வாடகை, பூங்காச் சீட்டு மூன்றும் சேரும். கிழமை இறுதியிலும் அரச விடுமுறையிலும் பூங்கா நெரியும் என்பதால் வேலை நாளாகப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | யாழ். கோட்டை, நகரப் பூங்கா | பூநகரி, ஆனையிறவு, இயக்கச்சி | கடற்கோட்டை, கசோரினா | காலி, பண்டாரகமை |
|---|---|---|---|---|
| கோட்டையின் கனதி | மிக அதிகம் | குறைவு. வழியே கதை | அதிகம், அனுமதி கிடைத்தால் | மிக அதிகம் |
| விளையாட்டு | சிறியவர்களுக்கு மட்டும் | நிறைவு | கடலே விளையாட்டு | முழுமையான பூங்கா |
| பயணம் | ஓட்டோ தூரம் | நூறு கி.மீ.க்குச் சற்று மேல் | அரை நாளிலும் முடியும் | கொழும்பில் தங்கினால் மட்டும் |
| முதியவர்களுக்கு | மதியம் வீட்டில் ஓய்வு | வான், பின் நிழல் | சவுக்கு நிழல். படகில் ஏறுவது சிரமம் | நிழல் உண்டு. நீண்ட நாள் |
| மறைந்த செலவு | ஐஸ்கிறீம் | கூடுதல் கிலோமீட்டர், உள் விளையாட்டுச் சீட்டு | வான் கழுவுதல் | அதிவேக வீதி, பூங்காச் சீட்டு |
| தவிர்க்க வேண்டிய காலம் | மழைக்காலம், நண்பகல் | கடும் மழை | வாடைக் காலம் | கிழமை இறுதி |

## கேட்ட இருவருக்கும் சொன்னது

மூன்று வயதுப் பேரனுடையவருக்கு முதலாவது வழியைச் சொன்னேன். அந்த வயதில் 45 கிலோமீட்டர் போய்ப் பார்ப்பதற்கும் வீட்டுப் பக்கத்தில் பார்ப்பதற்கும் வேறுபாடு இல்லை. மதிய நித்திரை தவறினால்தான் வேறுபாடு தெரியும். அவருக்கு இது சற்று ஏமாற்றம். கனடாவிலிருந்து வந்தவர்களை நகரத்துக்குள்ளேயே சுற்றிக் காட்டுவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார். வந்தவர்கள் நாலு நாளாக வானில்தான் இருக்கிறார்கள் என்பதை நினைவூட்டினேன்.

பதின்மூன்று வயதுப் பிள்ளையும் அம்மம்மாவும் உள்ள வீட்டுக்கு இரண்டாவது வழி, அதுவும் வட்டமாக. அம்மம்மா பூநகரியில் வானைவிட்டு இறங்காமலே கோட்டையைப் பார்க்கலாம்; சங்குப்பிட்டியில் அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும்; இயக்கச்சியில் நிழலில் இருந்துகொள்வார். பெறாமகன் யாழ்ப்பாணக் கோட்டையை முன்னரே பார்த்தவன் என்பதும் இதற்கு வாய்ப்பாக அமைந்தது. பார்க்காதவனாக இருந்திருந்தால் பூநகரியைக் கைவிட்டு, காலை ஏழரைக்கு யாழ்ப்பாணக் கோட்டை, பத்துக்கு ஏ-9 வீதி என்று மாற்றியிருப்பேன்.

மதியச் சாப்பாட்டைப் பொறுத்தவரை, உள்ளே அனுமதி இல்லாவிட்டால் பரந்தனிலேயே சாப்பிட்டுவிட்டுப் பூங்காவுக்குப் போவது கைக்கு அடக்கமானது. திருவிழாக் காலமென்றால் வீட்டிலிருந்து புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிக்கொண்டு போய், ஆனையிறவுக்கு முன் நிழலில் வானை நிறுத்திச் சாப்பிடலாம். ஓட்டுநருக்கும் ஒரு பொதி சேர்த்துக் கட்டுங்கள். ஆளுக்கொரு மாற்றுடை, ஈர உடுப்புக்கு ஒரு பெரிய பை, முதியவருக்கு ஒரு மடக்குக் கதிரை, தண்ணீர் நினைப்பதைப் போல இரண்டு மடங்கு. வானை காலை ஆறு மணிக்கு வரச் சொல்லுங்கள். எப்படியும் ஏழு மணிக்குத்தான் புறப்படுவீர்கள்.